ஒன்பது மீட்டர் மேட்டில் சிப்பி

என் தப்பு ஒரு அட்டைப் பெட்டிக்குள் இருபத்திரண்டு வருஷம் சும்மா கிடந்தது. புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு நானே அதைத் திறந்தேன். அதுவும் எதற்கு? அறிக்கையின் மேலட்டைக்கு அழகாக ஒரு படம் வேண்டுமாம்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் ஏன் அப்படி ஆடிப்போனேன் என்று புரியாது. பனியுகத்தில் நிலத்தின் மேல் கிலோமீட்டர் கனத்தில் பனி உட்கார்ந்திருந்தது. பிசைந்த மாவில் கட்டைவிரலை அழுத்தினால் நடுவில் குழி விழும், சுற்றிலும் மேடு தட்டும். நிலமும் அப்படித்தான். பனி உருகிய பிறகு குழி மெல்ல மேலே வருகிறது, மேடு மெல்லக் கீழே இறங்குகிறது. இன்றுவரை அது நிற்கவில்லை. எங்கே எப்போது எவ்வளவு பனி இருந்தது, நிலம் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்று, இருபத்தோராயிரம் வருஷத்தை ஐந்நூறு ஐந்நூறாக வெட்டி, உலகம் முழுவதற்கும் கணினியில் கணக்குப் போடுகிறோம். கணக்கைச் சரிபார்க்கப் பழைய கடற்கரையின் தடயம் வேண்டும். ஆறாயிரம் வருஷத்துச் சிப்பி அடுக்கு ஒன்று இன்றைய கடலுக்கு ஒன்பது மீட்டர் மேலே கிடைத்தால், அந்த நிலம் ஏறியிருக்கிறது என்று பொருள்.

அப்படி ஓர் அடுக்கை மாணவியாக இருந்தபோது நானே தோண்டி எடுத்தேன். அந்தக் கரையில் நூறு கிலோமீட்டருக்கு வேறு தடயம் கிடையாது. ஏறும் பக்கமா இறங்கும் பக்கமா என்று எல்லோரும் குழம்பிய இடம் அது. என் சிப்பிகள்தான் ஏறும் பக்கம் என்று தீர்ப்புச் சொல்லின. அதை வைத்துத்தான் எனக்கு இந்த வேலையே கிடைத்தது.

அந்தக் கரையில்தான் என் தங்கை குடியிருக்கிறாள். பேருந்து ஓட்டுகிறாள், குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளரும் அவள்தான். வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசுகிறவள். வீடு வாங்கலாமா என்று என்னைக் கேட்டபோது, "கண்ணை மூடிட்டு வாங்கு, ஏறுற நிலம்" என்று சொன்னவள் நான். இப்போது கடலை மறிக்கச் சுவர் கட்டலாமா என்று நகராட்சி கேட்டிருந்தது. கட்டினால் முப்பத்திரண்டு வீட்டுக்கும் பின்முற்றத்தில் பாதி போய்விடும். நிலமே ஏறும்போது சுவர் எதற்கு என்று தங்கை வீடு வீடாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு நகராட்சியில் கூட்டம். மேலட்டை இன்னும் போடாத என் அறிக்கைதான் அவள் கையிலிருந்த ஒரே ஆயுதம்.

அந்தச் சிப்பிகள் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனேன். அங்கே சிப்பிகளை ஆராய்கிற பெண் ஒருத்தி புதிதாக வந்திருந்தாள். வயதில் சிறியவள், ஆனாலும் அலுவலகம் முழுக்க அவளுக்குச் 'சிப்பியக்கா' என்றுதான் பெயர்.

"படத்துக்கு நல்லதா நாலு பொறுக்கிக் கொடுங்க," என்றேன்.

அவள் பொறுக்கவில்லை. எல்லாவற்றையும் வெள்ளைத் தாளில் வரிசையாக வைத்துக்கொண்டே போனாள்.

"குட்டிச் சிப்பி ஒண்ணுகூட இல்லையே. பெரிசா பார்த்து எடுத்தீங்களா?"

"இல்லையே, அள்ளினதை அப்படியே போட்டேன்."

"கடல் ஒதுக்கினா பெரிசு, சிறுசு, நொறுங்கினது எல்லாம் கலந்து வரும். இது எல்லாமே உள்ளங்கை அளவு. விளிம்புல பாருங்க, எல்லாத்துலயும் ஒரே இடத்துல நெம்பி எடுத்த உடைப்பு. ஒட்டியிருக்கிற இந்தக் கறுப்பு மண்ணு இல்ல, கரி."

"அதனால?"

"இது கடற்கரை இல்ல மேடம். சாப்பிட்டுப் போட்டது."

"யாரு சாப்பிட்டாங்க?" என்று கேட்டேன். என்ன அசட்டுக் கேள்வி.

"ஆறாயிரம் வருஷத்துக்கு முன்னாடி யாரோ. கீழே கடல்ல பொறுக்கி, மேட்டுக்குக் கொண்டுவந்து, சுட்டுத் தின்னுருக்காங்க. வயசு சரிதான். உயரம்தான் கடலோட உயரம் இல்ல."

நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன். யாரோ தின்று வீசிய எச்சிலை வைத்து ஒரு கரையையே ஒன்பது மீட்டர் தூக்கி நிறுத்தியிருக்கிறேன். கரியை அப்போதும் பார்த்தேன், நன்றாக நினைவிருக்கிறது. ஏதோ கறுப்பு மண் என்று விட்டுவிட்டேன். கடற்கரையைத் தேடிப் போன கண்ணுக்கு அடுப்பு எங்கே தெரியப் போகிறது?

மேலே வந்து, எங்கள் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஸ்வெட்டரிடம் சொன்னேன். குளிர்ந்த அறையிலேயே கிடப்பதால் அவருக்கு அந்தப் பெயர். அந்த ஒரு புள்ளியை நீக்கிவிட்டு முழுக்கணக்கையும் மறுபடி ஓட்டச் சொன்னேன். நாலரை மணி நேரம் ஆயிற்று. மூன்று மணிக்குத் திரையில் படம் வந்தது. காலையில் வருஷத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டர் ஏறிக்கொண்டிருந்த கரை, இப்போது இரண்டு மில்லிமீட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. கடல்மட்டம் ஏறுவது அதற்கு மேல் தனி. படத்தில் இறங்கும் நிலத்துக்கு நீலம்; தங்கை வீட்டுத் தெரு முழுக்க நீலம். படத்தை இரண்டு தரம் மூடித் திறந்து பார்த்தேன், நீலமாகத்தான் இருந்தது.

"யானைக்கும் அடி சறுக்கும் மேடம்," என்றார் ஸ்வெட்டர்.

"சறுக்கின யானை யார் மேல விழுந்துச்சுன்னு பாருங்க," என்றேன்.

உடனே தங்கையைக் கூப்பிட்டிருக்க வேண்டும். கூப்பிடவில்லை. பயம், வெட்கம், இரண்டும்தான். இன்னொரு தரம் சரிபார்ப்போம், நாளைக்கு நேரில் பக்குவமாகச் சொல்லலாம் என்று எனக்கு நானே கதை விட்டேன். வீட்டுக்குப் போய்ப் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் கூட்டத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே போனேன். அதற்குள் அவள் கையெழுத்துத் தாளை நகராட்சிப் பொறியாளரிடம் கொடுத்து ரசீதும் வாங்கியிருந்தாள். என்னைப் பார்த்ததும் பக்கத்து நாற்காலியிலிருந்து பையை எடுத்து இடம் கொடுத்தாள். தனியாகக் கூப்பிட வாயெடுத்தேன், கூட்டம் தொடங்கிவிட்டது.

"எங்க அக்கா உலகத்துல இருக்கிற மலை, பனி எல்லாத்தையும் இருபதாயிரம் வருஷத்துக்கு அளந்தவ," என்று எழுந்து பேசினாள் தங்கை. "அவ சொன்னா நான் யோசிக்கவே மாட்டேன்."

சிலர் கைதட்டினார்கள். நான் எழுந்தேன். அறிக்கை தப்பு, தப்பு என்னுடையது, நிலம் ஏறவில்லை, இறங்குகிறது, சுவர் வேண்டும் என்று சொன்னேன். நான்கே வாக்கியம். தங்கை என்னை நிமிர்ந்து பார்த்தாள். கேலி செய்கிறேன் என்று நினைத்து அவள் உதட்டில் சிரிப்பு வரப் பார்த்தது, பாதியிலேயே நின்றுவிட்டது.

பொறியாளர் நல்ல மனிதர், கத்தவில்லை. "முப்பத்திரண்டு பேரும் மறுபடி கையெழுத்துப் போட்டு இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள வாபஸ் வாங்குங்க. இல்லேன்னா இந்தச் சுவருக்கு ஒதுக்கின கல்லு வேற கரைக்குப் போயிடும், திரும்பி வர எத்தனை வருஷம் ஆகும்னு எனக்கே தெரியாது."

வெளி வராந்தாவில் தங்கை கேட்டாள்: "உனக்கு எப்போ தெரியும்?"

"நேத்து மூணு மணிக்கு."

அவள் கையிலிருந்த ரசீதை மடித்துப் பைக்குள் போட்டாள்.

"நேத்து சாயங்காலம் பதினோரு வீடு ஏறி இறங்கினேன்," என்றாள் பிறகு. "மூலை வீட்டு வாத்தியார் முடியவே முடியாதுன்னார். நிலம் ஏறலேன்னா என்னைக் கேளுங்க, நான் பொறுப்புன்னு சொல்லித்தான் வாங்கினேன். அப்போ மணி ஆறு. நீ என்ன செஞ்சுக்கிட்டிருந்தே?"

"போனைக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

"சிப்பிக்கு உன்னைத் திட்ட மாட்டேன்கா. அது எனக்குப் புரியாத விஷயம். இது புரியுது."

திட்டியிருந்தால் தேவலை. அடித்திருந்தால்கூடத் தேவலை.

திரும்பும் பேருந்தில் அவள் என் பக்கத்தில் உட்காராமல் முன் இருக்கையில் உட்கார்ந்தாள். தெருவில் இறங்கியதும் நேரே மூலை வீட்டுக்குப் போனாள். அழைப்பு மணியை அழுத்திவிட்டு, புதுத் தாளை என் கையில் திணித்து, எனக்குப் பின்னால் நாலடி தள்ளிப் போய் வெளி கேட்டின் ஓரமாக நின்றாள்.

"நீயே சொல்லு. இனிமே நான் சொன்னா எடுபடாது."

வாத்தியார் கதவைத் திறந்தார். நான் யார் என்று சொன்னேன், சிப்பியைச் சொன்னேன், கணக்கைச் சொன்னேன். எவ்வளவு காதில் விழுந்ததோ தெரியாது. அவர் என்னைப் பார்க்கவேயில்லை. என் தோளுக்குப் பின்னால் என் தங்கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் திரும்பிப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். பிறந்ததிலிருந்து அவளைப் பார்க்கிறேன், ஒருவர் முன்னாலும் அவள் தலை குனிந்து நான் பார்த்ததில்லை.