பாடு இல்லாத நாள்

என் வீட்டுக்காரர் சடையனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அதனால்தான் பிழைத்தார்.

எண்பத்து நாலாம் வருஷம் அவருக்கு ரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறைத் தொட்டது. பொன்னேரி டாக்டர் தினம் காலையில் ஒரு அட்டெனலால் மாத்திரை என்று எழுதிக்கொடுத்தார். கோபமோ பயமோ பாரமான வேலையோ வந்தால் உடம்பு நெஞ்சுக்கு ‘ஓடு, ஓடு’ என்று ஆள் அனுப்புமாம். இந்த மாத்திரை அந்த ஆளை வாசலிலேயே மறித்துவிடுமாம். நெஞ்சு அலட்டாமல் அடிக்கும், ரத்தக் குழாயில் அழுத்தம் இறங்கும் என்றார்.

இரண்டு மாதமாகியும் இறங்கவில்லை. மூன்றாம் தடவை போனபோது டாக்டர் அழுத்தம் பார்க்கும் கைப்பட்டையைக் கழற்றியபடியே, மருந்தை இரட்டிப்பாக்குகிறேன், இனி படகேறவே கூடாது என்றார். இவர் முகம் செத்துப்போயிற்று. படகேறாதவனுக்கு எங்கள் குப்பத்தில் பாடு கிடையாது. பாடு என்பது ஏரியில் வலை கட்டும் முறை. இன்று எங்கள் கூட்டத்துக்குப் பாடு நாள், நாளை வேறு கூட்டத்துக்கு.

"மாத்திரைய ஒழுங்கா சாப்பிடறியா?" என்று கேட்டார் டாக்டர்.

"பாடு நாள் ஒண்ணுகூட உட்டதில்லீங்க," என்றார் இவர் நிமிர்ந்து உட்கார்ந்து.

டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார். வெளியூர்க்காரர், அவருக்கு என்ன தெரியும்? எனக்குத்தான் சுரீரென்றது. அங்கே வாயே திறக்காத நான் எழுந்து நின்றேன்.

"எழுதாதீங்க டாக்டர். இவரு ஏரிக்குப் போற நாள்லதான் முழுங்குறாரு. இங்க வர்றது பாடு இல்லாத நாளு. மாத்திரையும் இல்லாத நாளு."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சும்மா கிடக்கிற நாளில் எதற்கு மருந்து என்று இவர் அப்பாவியாகக் கேட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த மாத்திரையை நான்தான் விழுங்கியிருக்க வேண்டும்.

"உன் நெஞ்சு என்னிக்குய்யா கரையேறி குந்திச்சு? அதுக்குத் தினமும் பாடுதான்," என்றேன்.

விட்டுவிட்டுச் சாப்பிட்டால் நெஞ்சு முன்னைவிட எகிறும், உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் அவரைத் திட்டினார். பழைய அளவையே தினமும் கொடுக்கும் பொறுப்பை என்னிடம் விட்டார். அடுத்த மாதம் நூற்று நாற்பது. படகேறலாம் என்றார்.

முதல் பாடு முடிந்து கரையேறியபோது, மாத்திரைக் கோளாறை எந்த டாக்டர் கண்டுபிடித்தார் என்று எங்கள் கூட்டத்து ரங்கன் கேட்டார். கல்யாணமான நாளாக நாலு பேர் முன்னால் என் பேரைச் சொல்லாத மனிதர் இவர்.

"எங்க காந்தா," என்றார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. இன்னொரு தடவை சொல்வாரா என்று இறால் கூடையோடு அங்கேயே நின்றேன்.