மாப்பிள்ளைச் சப்பாத்து

டொக்.

காவலாளியின் பிரம்பு மரியானின் வலது பூட்ஸ் நுனியைத் தட்டியது. உள்ளே இரும்பு இருந்தால் டொக் என்று கேட்கும். கேட்டால் உள்ளே போகலாம். துறைமுகக் கேட்டில் லாஷிங் ஆட்களுக்கு இதுதான் காலை வணக்கம். முகத்தை ஒருவரும் பார்ப்பதில்லை.

கப்பலில் அடுக்கிய கன்டெய்னர்களை இரும்புக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டுகிற வேலை. போன வருஷம் ஒரு கம்பி கைநழுவி மரியானின் வலது காலில் விழுந்தது. பூட்ஸின் இரும்பு பெருவிரலைக் காப்பாற்றியது. சுண்டுவிரல் நசுங்கி, கோணி, வெளியே துருத்திக்கொண்டு நின்றுவிட்டது. அவன் படுத்துக் கிடந்தபோது அவன் இடத்தில் வேறொருவன் ஏறிவிட்டான். அந்த இடத்தைத் திரும்பப் பிடிக்க மேஸ்திரி இசக்கிராஜா வீட்டு வாசலில் மாதக்கணக்கில் நின்றான்.

"ஏலே மரியா," என்றார் இசக்கிராஜா, வரிசையிலிருந்து அவனை இழுத்து. "தங்கச்சி கல்யாணம்னு லீவு கேட்ட. குடுத்தாச்சு. கல்யாணம் முடிஞ்ச திங்கக்கிழம பெரிய கப்பல் வருது. அன்னைக்கு நீ இல்லன்னா அப்புறம் என்னைக்கும் இல்ல. வெளிய எத்தன பேரு நிக்கான் பாத்தியா?"

"வந்துருவேன் அண்ணாச்சி."

"போன தடவயும் இப்படித்தான் சொன்ன."

அன்று சாயங்காலம் மரியான் ராஜதுரையின் செருப்புக் கடையில் நின்றான். மாப்பிள்ளைக்குத் தலை முதல் கால் வரை எடுத்துக் கொடுப்பது பெண்வீட்டு முறை. தகப்பன் தாய் இல்லாத வீட்டில் பெண்வீடு என்றால் மரியான்தான். கோட்டு தைத்தாயிற்று. பாக்கி ஷூ.

"தோல் ஷூ அண்ணாச்சி. கருப்பு. லேஸ் வச்சது. எட்டாம் நம்பர்."

ராஜதுரை அவன் காலைப் பார்த்தார். "உமக்கா?"

"மாப்பிள்ளைக்கு."

"மாப்பிள்ளை எங்க?"

"ஆபீஸ்ல."

"அப்ப காலு?"

"காலும் ஆபீஸ்லதான்."

ராஜதுரை எடுத்த பெட்டியைத் திரும்ப அடுக்கில் வைத்தார். "காலக் கூட்டியாராம ஷூ வாங்க வாரது, பொண்ணப் பாக்காம பரிசம் போடுத மாதிரி. இது என்ன, ரப்பர் செருப்பா? சாயங்காலம் வரணும், காலு வீங்கியிருக்க நேரம். உக்காந்து பாக்கப்பிடாது, நின்னு பாக்கணும். பெருவிரலுக்கு முன்னால ஒரு கட்டவிரல் எடம் கெடக்கணும். குதிங்கால் தூக்கப்பிடாது. பக்கவாட்டுல பிடிக்கணும், கடிக்கப்பிடாது. எட்டுங்கீரு. எந்தக் கம்பெனி எட்டு?"

மரியான் போன் போட்டான். மாப்பிள்ளை ஆன்றோ ஒரு ஷிப்பிங் ஏஜென்சியில் கப்பல் காகிதங்கள் பார்க்கிறவன். கப்பலை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறான்.

"மாப்ள, ஒரு எட்டு கடைக்கு வந்துட்டுப் போனா..."

"செருப்புக் கடைல போயி எவன் முன்னாலயோ கால நீட்டச் சொல்லுதீங்களா மச்சான்?"

"இல்லன்னா பேப்பர்ல கால வச்சுச் சுத்தி ஒரு கோடு..."

"நான் என்ன எல்கேஜியா? என் ஸ்போர்ட்ஸ் ஷூ எட்டு. எட்டுன்னா எட்டு."

போன் நின்றது. ராஜதுரைக்கும் எல்லாம் கேட்டிருந்தது. பெட்டியை மறுபடி இறக்கினார்.

"எட்டையே கொண்டு போரும். மாத்த வந்தா அடிப்பக்கம் கடைல இருந்த மாதிரி இருக்கணும். ஒரு கீறல் விழுந்தாலும் நான் எடுக்க மாட்டேன். இப்பமே சொல்லிட்டேன்."

இரண்டு நாள் கழித்து ஆன்றோ வீட்டிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். மாப்பிள்ளை சோபாவில் கிடந்தான். பெருவிரல் நகம் சிவந்திருந்தது. ஷூ எப்படி இருக்கிறது என்று ஆபீஸில் காட்டுவதற்காக, வண்டி நிறுத்துகிற இடத்திலிருந்து மூன்று மாடி ஏறி இறங்கியிருக்கிறான்.

"நீங்க எடுத்த ஷூ கடிக்குது மச்சான்," என்றான்.

மரியான் ஷூவைத் தூக்கிக்கொண்டு கடைக்கு ஓடினான். ராஜதுரை பெட்டியைத் திறந்ததும் ஷூவைக் கவிழ்த்தார். அடித்தோல் முழுக்கச் சிமென்ட் கீறல்.

"ஆபீஸ் போயிட்டு வந்துட்டா? அப்ப ரிட்டயர் ஆயிட்டு," என்று மூடிக் கையில் கொடுத்தார்.

ஆன்றோவின் அம்மா கிளாடிஸுக்கு வழி தெரிந்திருந்தது. கடற்கரையின் பழைய குடும்பம். ஷூ என்ற சொல்லே அவர் வாயில் வராது, சப்பாத்துதான்.

"சப்பாத்த என்ன செய்வாவ தெரியுமா மரியான்? சாக்ஸ நனச்சுப் போட்டு, அதுமேல சப்பாத்த மாட்டி, தெனமும் நடக்கணும். ஒரு வாரத்துல தோல் இளகிரும்."

"மாப்பிள்ளை போட்டு நடந்தா அவுக காலுக்கே படிஞ்சிருமே மாமி?"

"நல்லாருக்கே! கல்யாண மாப்பிள்ளை கொப்புளத்தோட கோயிலுக்கு நொண்டிக்கிட்டு வரணுமா?"

ஆன்றோ செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். "மச்சான் காலு தாங்கும்மா. கம்பி விழுந்தே ஒண்ணும் ஆகல."

"முடியாதுன்னா இப்பமே சொல்லிரு," என்றார் கிளாடிஸ். "கல்யாணத்தத் தள்ளி வச்சுக்கிடுவோம். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

முத்தையாபுரத்தில் மரியானின் வீடு ஒன்றரை அறை. அடித்தோல் இன்னும் கீறிவிடக் கூடாதென்று தரையில் சாக்கை விரித்தான். ஈரச் சாக்ஸ். அதன்மேல் மாப்பிள்ளையின் ஷூ. அவன் கால் எட்டும் இல்லை, எட்டரையும் இல்லை. ஒன்பதில் அகலக் கால். கரண்டிக் காம்பை நெம்புகோலாக விட்டு உள்ளே திணித்தான். அடுப்படியிலிருந்து வாசல், வாசலிலிருந்து அடுப்படி.

தங்கை விஜிலா சுவரில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இறால் கம்பெனியில் நாள் முழுக்க நின்று தோலுரித்துவிட்டு வந்திருந்தாள். கல்யாணக்களை ஒன்றும் முகத்தில் இல்லை.

"அண்ணே, கழத்தித் தூரப் போடு."

"ஒரு வாரந்தானளா."

"எட்டுன்னு சொல்லிட்டாவ. தப்புன்னு ஒத்துக்கிட வாய் வரல. ராத்திரியோட ராத்திரியா காலு வளந்துட்டுன்னு சொல்லுவாவ போலுக்கு." சுருண்ட சாக்கைக் காலால் நீவிவிட்டாள். "வேண்டாம்னு சொல்லிரவா?"

"கோயில்ல மூணு வாரமும் கல்யாண ஓலை வாசிச்சாச்சு. ஊருக்கே தெரியும். கிறுக்கு மாதிரிப் பேசாத."

பகலில் இரும்பு பூட்ஸ், மாலையில் தோல் ஷூ. மூன்றாம் நாள் குதிங்காலில் தோல் பிய்ந்தது. ஐந்தாம் நாள் சாக்ஸைக் கழற்றும்போது சதையும் சேர்ந்து வந்தது. வேப்பெண்ணெய் போட்டு, துணி சுற்றி, மறுநாளும் நடந்தான். குதிங்கால் உரித்த இறாலைப்போல் இருந்தது. விஜிலா ஒரு தடவை பார்த்துவிட்டு அப்புறம் பார்க்கவில்லை.

ஷூ இளகத்தான் செய்தது. பின்பக்கம் பஞ்சானது. பக்கங்கள் விரிந்தன. வலது ஷூவின் வெளிப்பக்கம், கோணிய சுண்டுவிரல் இருக்கிற இடத்தில், கோலிக்குண்டை ஒளித்து வைத்ததுபோல ஒரு புடைப்பு எழும்பியது. மரியான் அதைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான். உள்ளே போனது. எடுத்ததும் வெளியே வந்தது.

சனிக்கிழமை கோயிலில் பாடற்குழு தொடங்கியது. ஆன்றோ நடுவழியில் நடந்து வந்தான். தப். தப். தப். ஒவ்வொரு அடிக்கும் குதிங்கால் ஷூவை விட்டு வெளியே வந்து, திரும்ப உள்ளே விழுந்தது. பாட்டைவிட அதுதான் நன்றாகக் கேட்டது. பின்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்தினார்கள். பீடத்தின் முன் முழங்காலிட்டபோது வலது ஷூ பாதியில் கழன்று, வெள்ளைச் சாக்ஸ் ஊருக்கே தெரிந்தது. கிளாடிஸ் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே திரும்பி மரியானைப் பார்த்தார். பூசை முடியும் வரை பார்த்தபடியே இருந்தார்.

விருந்து ஹாலில் ஆன்றோ நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினான். கையால் தொடவில்லை. பெருவிரலால் மரியான் பக்கம் தள்ளிவிட்டான்.

"இது ஷூவா வள்ளமா மச்சான்? உங்க கால் அச்சு அப்படியே இருக்கு. எனக்கு வேணாம், நீங்களே போட்டுக்கிடுங்க. மறுவீட்டுக்கு வரும்போது வேற வேணும்." சொந்தக்காரர்கள் சுற்றி நிற்பதைப் பார்த்துக் குரலை உயர்த்தினான். "இந்தத் தடவயாவது அளவு பாத்து எடுங்க."

சிரித்தார்கள். மரியானும் சிரித்தான். பெண்ணைக் கொடுத்தவன் சிரித்துத்தான் ஆக வேண்டும்.

"நீங்களும் கடைக்குக் கூடப் போயிட்டு வாங்க," என்றாள் விஜிலா ஆன்றோவிடம், வெள்ளைப் பட்டும் தலையில் பூமுடியுமாக. "மறக்காம காலையும் எடுத்துட்டுப் போங்க."

"வந்த அன்னைக்கே வாயப் பாரு," என்றார் கிளாடிஸ்.

திங்கட்கிழமை விடிந்தபோது மரியானின் இரண்டு பாதங்களும் வீங்கியிருந்தன. பூட்ஸுக்குள் வலது கால் பாதிகூட நுழையவில்லை. காலுக்காகத் தோல் இளகும், இரும்பு இளகுமா? பல்லைக் கடித்துத் திணித்தான். கண் இருட்டிக்கொண்டு வந்தது. உருவிவிட்டான்.

மூலையில் மாப்பிள்ளையின் ஷூ கிடந்தது. காலை விட்டான். வலியே இல்லை. குதிங்காலில் பஞ்சு. சுண்டுவிரல் தன் குழியில் போய் உட்கார்ந்தது. பக்கவாட்டில் பிடித்தது, கடிக்கவில்லை. ராஜதுரை சொன்ன லட்சணம் எல்லாம் இருந்தது.

கருப்பாக இருக்கிறது, மூடியும் இருக்கிறது. கேட்டைத் தாண்டிவிட்டால் போதும். மத்தியானத்துக்குள் வீக்கம் வடிந்துவிடும். பூட்ஸைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினான்.

வரிசை நகர்ந்தது. டொக். டொக். டொக்.

பொத்.

காவலாளி இன்னொரு தடவை தட்டினான். பொத். பளபளக்கிற ஷூவைப் பார்த்தான். "சார், ஆபீஸ் ஆளுங்க போற கேட்டு அங்க..." என்று தொடங்கி, முதல் தடவையாக நிமிர்ந்து முகத்தைப் பார்த்தான். மரியானின் கையில் ஹெல்மெட். குரல் மாறியது. "ஏய், என்ன இது? மாப்பிள்ளை ஊர்வலமா? தள்ளி நில்லு."

"பூட்ஸ் பையில இருக்கு சார். கால்ல புண்ணு. உள்ள போனதும் மாட்டிருவேன்."

"இங்கயே மாட்டு."

மரியான் குனியவில்லை. இசக்கிராஜா வேகமாக வந்தார். துணி சுற்றிய கணுக்காலைப் பார்த்தார். ஷூவைப் பார்த்தார்.

"இந்தக் கால வச்சுக்கிட்டா கப்பல் மேல ஏறப் போற? அங்கன விழுந்து செத்தா எவன் பதில் சொல்லுதது?"

"ஒரு நாளு அண்ணாச்சி. நாளைக்குச் சரியாயிரும்."

"ஒரு ஆள் கொறஞ்சாலும் மொத்த செட்டயே கப்பல்ல ஏத்த மாட்டான். ஒன்னால மத்தவனுவளும் வெளிய நிக்கணுமாலே?" திரும்பி, கேட்டுக்கு வெளியே காத்து நின்றவர்களைப் பார்த்துக் கத்தினார். "எவம்ல வாரது?"

ஸ்ரீவைகுண்டத்துக்காரன் ராமர் எல்லோரையும் முந்திக்கொண்டு வந்தான். காலில் ரப்பர் செருப்பு.

"இதோட எங்கல போவ?" என்றார் இசக்கிராஜா. மரியானின் தோளிலிருந்த பையை இழுத்து, பூட்ஸை எடுத்துத் தரையில் போட்டார். "மாட்டு."

ராமர் மண்ணில் உட்கார்ந்து இரண்டு காலையும் விட்டான். எழுந்து நின்றான். குதித்துப் பார்த்தான்.

"சரியா இருக்காலே?"

"எனக்குன்னே எடுத்த மாதிரி இருக்கு அண்ணாச்சி."

அவன் மரியானைப் பார்க்காமல் வரிசையில் நுழைந்தான். மரியான் ஓரத்துக்கு நகர்ந்தான். நிலக்கரி லாரி ஒன்று கடந்து போனது. மாப்பிள்ளையின் கருப்பு ஷூவில் கருப்புத் தூள் படிந்தது.

பிரம்பு கீழே இறங்கியது.

டொக்.