டைலுக்கு அந்தப் பக்கம்

பூமியின் நேர் எதிர்ப்புறத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் தெரு டைல்ஸ்காரர். அது அவர் வீட்டுச் சமையலறையில், அடுப்புக்கும் தொட்டிக்கும் நடுவே, ஒரு டைல் அகலத்துக்கு இருக்கிறது. டைல் பதித்ததும் சுத்தியின் மரப்பிடியால் தட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். அடியில் சிமெண்ட் சேராத இடம் டொக்கென்று காட்டிக்கொடுத்துவிடும். அவர் தட்டினால் தரைக்குக் கீழே எறும்புகளின் குடும்பச் சண்டைகூடக் கேட்கும் என்பார்கள்; நானே இரண்டு சண்டை கேட்டிருக்கிறேன். ஊரார் வீட்டுத் தரையெல்லாம் கண்ணாடி, தன் வீட்டில் மட்டும் ஒரு டைல் டொக்கு. "ஆடுற பல்லு மாதிரி இருக்கு, எப்பதான் பார்ப்பீங்க?" என்று மனைவி கல்யாணமான நாளிலிருந்து கேட்டார். "ஞாயித்துக்கெழம" என்றே சொல்லிவந்தார் இவர். அந்த ஞாயிறு வருவதற்குள் அந்த அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்.

துக்கத்துக்கு வந்தவர்கள் கலைந்த பிறகு, இவர் சுத்தியோடு குந்தி அந்த டைலில் மூன்று தட்டு தட்டினார். கீழேயிருந்து மூன்று தட்டு திரும்பி வந்தது. எழுந்து அதன்மேல் நின்றார். இன்னொரு ஜோடி உள்ளங்கால் ஒட்டி நிற்பதுபோல் வெதுவெதுவென்றிருந்தது. அன்றிலிருந்து இவர் காலை டீயோடு நிற்பார். அங்கே அது படுக்கப்போகும் நேரம். இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும் மாதங்களில் அங்கே குளிர்காலம் என்பதால் டைல் ஐஸ்கட்டியாகிவிடும். தெருவே பால் பாத்திரங்களைக் கொண்டுவந்து அதன்மேல் அடுக்கியது. ஒரு சொட்டு திரிந்ததில்லை. பாலை எடுத்துக்கொண்டதும் எல்லாரும் போய்விடுவார்கள். பிறகு வீட்டில் அவரும் டைலும்தான்.

மனைவியின் தம்பி எடை மெஷின் ரிப்பேர்காரர். முள் காட்டாத எதையும் நம்பாதவர். அத்தானுக்குத் தனியாக இருந்து மண்டை குழம்பிவிட்டது என்று முடிவுகட்டி, தன் நான்காவது மாடி வீட்டுக்கே கூட்டிப்போய்விட ஒருநாள் வேனோடு வந்துவிட்டார்.

"உலக உருண்டையப் பார்த்துட்டுத்தான் வரேன் அத்தான். நமக்கு நேர் எதிர்ல வெறும் கடல். மனுஷ வாடையே கிடையாது."

"அப்ப பாவம், கடலுக்கு நடுவுல நிக்கிறாங்க. நானும் போயிட்டா அவங்களுக்கு யாருடா?"

"என் வீட்டுலேருந்து தட்டுங்க."

"உன் கீழ்வீட்டுக்காரன்தான் திருப்பித் தட்டுவான்."

படுக்கை, பாத்திரம், மனைவியின் படம் எல்லாம் வேனில் ஏறிவிட்டன. டைல்ஸ்காரர் மட்டும் டைலைவிட்டு இறங்கவில்லை. மச்சான் சலித்துப்போய் வேனிலிருந்த தன் மெஷினைக் கொண்டுவந்து, அவரை நகர்த்தி, அந்த இடத்தில் வைத்தார். "ஆள் இருந்தா முள்ளு சொல்லட்டும். இல்லேன்னா வாய மூடிக்கிட்டு வண்டியில ஏறணும்."

டைல்ஸ்காரர் பக்கத்தில் குந்தி மூன்று தட்டு தட்டினார். பதில் இல்லை. வெளியே வேன்காரர் ஹாரன் அடித்தார். மறுபடி தட்டினார். காலி மெஷினில் முள் நடுங்கியது. பூஜ்யத்திலிருந்து பின்னோக்கி, எந்த முள்ளும் போகாத பக்கம், மெல்லச் சில கோடுகள் இறங்கி நின்றது. மச்சான் மெஷினைத் தூக்கி உலுக்கினார், திருகைத் திருப்பிப் பூஜ்யத்தைச் சரிசெய்தார், மறுபடி வைத்தார். முள் அதே இடத்துக்குப் போனது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, குனிந்து முள்ளையே பார்த்தார். எடை விஷயத்தில் அவர் பொய் சொன்னதே இல்லை.

"இருக்காங்க அத்தான்," என்றார். "ரொம்ப எளைச்சுப் போயிருக்காங்க. படுக்கைய இறக்கச் சொல்லட்டுமா?"