கேட்காமல் அழிப்பது

பென் டிரைவ் என்றாலே அவனுக்கு ஆகாது. அந்த ஆபீஸில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு முழுக்க அவன் தலையில். போன வருடம் யாரோ ஒரு மகராசன் வீட்டிலிருந்து கொண்டுவந்து சொருகிய பென் டிரைவில் வைரஸ் இருந்து, ஆபீஸே படுத்துவிட்டது. சொருகியவன் தப்பித்தான். திட்டு வாங்கியது இவன்.

அந்த ஆத்திரத்தில் ஒரு விதி எழுதினான். பதிவு செய்யாத பென் டிரைவை எந்தக் கம்ப்யூட்டரில் சொருகினாலும் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். முதலில் 'அழிக்கட்டுமா?' என்று ஒரு கேள்வி வைத்திருந்தான். நம் ஆட்கள் லேசுப்பட்டவர்களா? 'வேண்டாம்' என்று தட்டிவிட்டுத் தங்கள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார்கள். கேள்வியையே தூக்கிவிட்டான். அழித்த இடத்தில் அர்த்தமில்லாத எழுத்துக் குப்பையை நிரப்பவும் ஏற்பாடு செய்தான். "பிரம்மாவே வந்தாலும் திரும்ப எடுக்க முடியாது சார்" என்று மீட்டிங்கில் மார்தட்டினான்.

எல்லோருக்கும் சுற்றறிக்கை போனது. அதே ஆபீஸில் வரவேற்பு மேஜையில் இருக்கும் அவன் அக்கா மட்டும் அதைப் படிக்கவில்லை. தம்பி எழுதியதைப் படிப்பானேன்? "நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர் மாதிரி பத்திரமான இடம் எங்கயும் கிடையாதுக்கா" என்று வீட்டில்தான் வாய் ஓயாமல் சொல்கிறானே.

மதியம் அவள் அவன் அறைக்கு வந்தாள். கையில் ஒரு கறுப்பு பென் டிரைவ்.

"தம்பி, மாமா பேசினதெல்லாம் இதுலதானே போட்டுக் குடுத்த? காலின்னு காட்டுது. என்னன்னு பாரேன்."

மாமா, அவள் கணவர், போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி அவளுக்காகப் போனில் பேசிப் பதிந்து வைத்திருந்தார். அந்தப் போன் சாகக் கிடந்தபோது, இவன்தான் எல்லாவற்றையும் இதில் மாற்றிக் கொடுத்தான். ஊருக்கெல்லாம் இன்னொரு காப்பி எடுத்து வை என்று உபதேசம் செய்கிறவனுக்கு, இதற்கு ஒன்று எடுக்கத் தோன்றவில்லை.

"எங்கக்கா சொருகின?"

"என் டேபிள்லதான்."

அவன் அதை அவள் கையிலிருந்து பிடுங்கினான். தனக்குத் தெரிந்த வித்தையெல்லாம் போட்டுப் பார்த்தான். ஒன்றுமில்லை. அவன் எழுதிய விதி ஒரு குறையும் வைக்காமல் வேலை செய்திருந்தது. வேலியே பயிரை மேய்ந்துவிட்டது.

"அக்கா, நான்தான் அழிச்சேன்."

"நீ எங்கடா அழிச்ச? நீ இங்கதானே இருந்த?"

சொன்னான். சொல்லச் சொல்ல அவள் முகம் மாறுவதைப் பார்க்க முடியாமல், தன்மேல் வந்த கோபத்தை அவள்மேல் கொட்டினான். "வீட்ல போட்டுக் கேக்க வேண்டியதுதானே? இங்க எதுக்குக் கொண்டு வந்த?"

"இன்னும் கேக்கவே இல்லடா. அவர் போனதுலேர்ந்து தைரியமே வரல." அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "நேத்து படுத்துக்கிட்டு அவரை நினைச்சுப் பாத்தேன். முகம் வருது. வாய் அசையுது. குரல் மட்டும் வரல. பயந்துட்டேன். இருக்கறது இது ஒண்ணுதான், இதுவும் தொலைஞ்சு போச்சுன்னா? நீ பத்திரம்னு சொன்னியே, ஒரு காப்பி போட்டு வச்சிட்டு அப்புறம் கேக்கலாம்னு..."

அவன் உடைந்து அழுதான். அவள் அழவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு ஞாபகம் இருக்கா? என்னை எப்படிக் கூப்பிடுவாரு?"

"இருக்குக்கா."

"சொல்லிக் காட்டு."

அவன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தொண்டையைக் கனைத்து, மாமாவைப் போல இழுத்துச் சொன்னான்: "ஏம்மா, இங்க கொஞ்சம் வாயேன்."

அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"இல்லடா, இது நீ" என்றாள். "இன்னொரு தடவ சொல்லு."