பொத்தான் இல்லாத லிஃப்ட்

எங்கள் ஆபீஸ் கோபுரத்தின் லிஃப்டுக்குள் பொத்தானே கிடையாது. எந்த மாடிக்குப் போக வேண்டும் என்று கீழே ஹாலில் இருக்கும் திரையிலேயே தட்டிவிட வேண்டும். எந்த லிஃப்டில் ஏறுவது என்று அது சொல்லும். ஏறிய பிறகு மனசு மாறினால் ஒன்றும் செய்ய முடியாது. இதை வடிவமைத்த மகராசன் வீட்டில் சண்டையே வந்ததில்லை போலிருக்கிறது.

எனக்கு இருபத்தொன்றாம் மாடி, அக்காவுக்கு முப்பத்திரண்டு. வேறு வேறு கம்பெனி. அவளுக்கு வெளிநாட்டுக்கு மாற்றல் வந்திருப்பதை ரிசப்ஷன் பெண் சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன். கூடப் பிறந்தவளிடம் சொல்ல வாய் வரவில்லை அவளுக்கு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போறவங்க போகட்டும், இங்க யாரு கையைப் புடிச்சு இழுத்தா?" என்று அம்மா வீட்டில் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அதோடு பேச்சு நின்றது. இன்று அவளுக்கு இங்கே கடைசி நாள், ராத்திரி விமானம். பேசாமலே போய்விடுவாளோ என்று காலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஹாலில் கூட்டத்துக்கு நடுவே, எதிர்த் தூணருகே இருந்த திரையைத் தட்டப்போனாள் அக்கா. என்னைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டாள். வீம்பு பிடித்தது போதும் என்று நானே என் பக்கத்துத் திரையில் முப்பத்திரண்டைத் தட்டினேன். ஒரே மாடி என்றால் ஒரே லிஃப்டில்தானே அனுப்பும். 'சி' என்று காட்டியது. போய் ஏறி நின்றேன். அவளோ எதிரே இருந்த 'ஏ'க்குள் நுழைந்தாள்.

கதவு மூடிக்கொண்டது. என் முகத்தில் முழிக்கப் பிடிக்காமல்தான் வேறு லிஃப்டுக்குப் போயிருக்கிறாள் என்று பொருமினேன். என் மாடி தாண்டிப் போனது. இறங்கித் தொலையலாம் என்றால் எதை அழுத்துவது?

மேலே அவள் மேஜை காலியாக இருந்தது. சாமான்களை அட்டைப்பெட்டியில் கட்டி வைத்திருந்தாள்.

"மேடம் இன்னும் மேல வரலையே" என்றார் பக்கத்து மேஜைக்காரர்.

அப்போது என் ஆபீஸ் தோழியிடமிருந்து போன் வந்தது.

"எங்கே இருக்கே? உங்க அக்கா வந்து உன் சீட்ல உட்கார்ந்திருக்காங்க. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்குறாங்க, அழறாங்க."

போனை அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"எங்கடி போய்த் தொலைஞ்சே?" என்றாள் அக்கா.

"உன் மேஜைகிட்டதான் நிக்கிறேன்."

மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

"அங்கேயே இரு, நான் வர்றேன்."

"வேணாங்க்கா. நீ எதையும் தட்டாம உட்காரு. நான் இறங்கி வர்றேன்."