நன்றியுரைக்குள் ஒரு கேள்வி

எங்கள் மன்றக் கூட்டத்தில் எதை வேண்டுமானாலும் விட்டுவிடலாம். தமிழ் வாழ்த்து பாட வந்தவருக்குத் தொண்டை கட்டியிருந்தால் கைப்பேசியில் ஓடவிடலாம். கேள்வி நேரத்தை விடலாம், விட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். ஒரு தடவை சிறப்புரையையே விட்டோம், சிறப்புரையாளர் வழி தவறி செங்காங்கில் வேறொரு மன்றத்தின் மேடையேறிப் பேசிவிட்டதால். நன்றியுரையை மட்டும் விட முடியாது. விட்டால், பெயர் சொல்லப்படாத யாரோ ஒருவர் அடுத்த மாதம் தனி மன்றம் தொடங்கிவிடுவார். தேக்காவைச் சுற்றி இத்தனை மன்றங்கள் முளைத்தது அப்படித்தான்.

பத்தொன்பது வருடங்களாக எங்கள் நன்றியுரையாளர் சவரிராஜ். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மண்டபத்துக் காவலாளி, ஒலிவாங்கி கொண்டுவந்தவர், வடை போட்ட கடை, வர முடியாததற்கு வருத்தம் தெரிவித்தவர் என ஒரு பெயர் விடுபடாது. நான்கு நிமிடத்தில் முடிப்பார். அந்த நான்கு நிமிடமும் சபை வடை மேசைக்கு அருகில் நின்றுகொண்டிருக்கும். யாரும் கேட்பதில்லை என்பது அவருக்கும் தெரியும்.

அவர் சொல்லாத பெயர் ஒன்றே ஒன்று. வடை கடையிலிருந்து வரும். கேசரி அவருடைய மனைவி அல்போன்சம்மாள் கிண்டியது. சுவா சூ காங் வீட்டிலிருந்து பெரிய தூக்கில் ரயிலேறி வரும். செயலாளர் என்ற முறையில் ஒருமுறை நான் அவர் பட்டியலில் அந்தப் பெயரைச் சேர்த்தேன். அவர் பேனாவால் அடித்தார். "வீட்டு ஆளுக்கு யாராச்சும் மேடையில நன்றி சொல்வாங்களா, சார்?" என்றார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

இந்த பிப்ரவரியில் அல்போன்சம்மாள் இறந்துபோனார். மன்றம் இரங்கல் கூட்டம் நடத்தியது. தலைவர் வேலாயுதம் முப்பத்தைந்து நிமிடம் பேசினார். அந்த அம்மாளை அவர் தெரிந்துவைத்திருந்தது கேசரி வழியாக மட்டுமே என்பதால், இருபது நிமிடம் மரணத்தைப் பற்றியும் மிச்சம் தன்னைப் பற்றியும் பேசும்படி ஆயிற்று. நன்றியுரை சவரிராஜ்தான். வேறு யாருக்கும் பழக்கமில்லை.

தலைவரைப் பற்றி ஒரு வார்த்தை. 'சிந்தனைச் செம்மல்' என்பது அவர் பட்டம். மன்றம் வழங்கியது, தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவரே. கூட்டத்துக்கு இளையர்கள் வருவதில்லை என்ற கவலை ஜூலையில் அவரைப் பிடித்தது. ரயிலில் ஒரு பிள்ளை கைப்பேசியில் இடிந்த நகரம் ஒன்றில் நடந்துகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார். விசாரித்ததில் அது பெரிய விளையாட்டு, கணினியிலும் தொலைக்காட்சியிலும் விளையாடலாம், உலகம் முழுக்க விளையாடுகிறார்கள் என்று தெரிந்தது. கடல் ஏறி உலகம் அழிந்து தொண்ணூறு வருடம் கழித்து நடக்கும் கதை. தப்பிப் பிழைத்த ஒருவராக நாம் எங்கு வேண்டுமானாலும் போகலாம்.

"யார் ஜெயிப்பா?" என்று கேட்டார்.

அப்படி யாரும் ஜெயிப்பதில்லை, சும்மா அலையவும் செய்யலாம் என்றேன்.

"அப்ப அது இலக்கியந்தான்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

'பேரழிவுக்குப் பின்: விளையாட்டாளர் அனுபவங்கள்' என்று அழைப்பிதழ் அடித்தோம். விளையாட்டின் ஆங்கிலப் பெயரைத் தலைவர் 'சாம்பல் கரை' என்று தமிழாக்கியதில், பேச ஒப்புக்கொண்ட மூவருக்கும் தாங்கள் எதை விளையாடினோம் என்று முதலில் விளங்கவில்லை.

அந்த வாரம் சவரிராஜ் என்னைக் கூப்பிட்டார். நன்றியுரைக்கு எத்தனை நிமிடம் என்று கேட்டார். பத்தொன்பது வருடத்தில் கேட்டதில்லை. பேச வரும் பிள்ளைகள் கடைசிவரை இருப்பார்களா என்றும் கேட்டார். பிறகு காரணத்தைச் சொன்னார்.

மகன் மார்வின் பெர்த்துக்கு வேலைக்குப் போனபோது விளையாட்டுப் பெட்டியைத் தொலைக்காட்சியோடு அப்படியே விட்டுவிட்டுப் போனான். அல்போன்சம்மாள் பாலர் பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் அது. பிற்பகலில் அடுப்படி வேலை முடிந்ததும் அதன்முன் உட்கார ஆரம்பித்தார். சாம்பல் கரைதான். அறுபத்தொரு வயதில், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு, தினமும் இரண்டு மணி நேரம். "உலகமே அழிஞ்சு போச்சு, அதுல இன்னும் என்னத்தத் தேடுற?" என்று இவர் கேலி செய்வார். "வேலை இருக்கு" என்பார் அந்த அம்மாள். என்ன வேலை என்று இவர் கேட்டதில்லை.

நாற்பதாம் நாள் பூசை முடிந்து வந்து இவர் பெட்டியைப் போட்டார். பாழடைந்த பேருந்துப் பணிமனை ஒன்றில், நரைத்த தலையும் கண்ணாடியுமாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். விளையாட்டில் நம் ஆளின் முகத்தை நாமே செய்துகொள்ளலாமாம். பெயர் அல்போன்ஸ். பையில் ஒரு தோட்டா இல்லை. சுத்தமான தண்ணீர் பாட்டில் மட்டும் முப்பத்தொன்று. வரைபடத்தில், மேற்கே எல்லை முடிகிற இடத்தில், ஒரே ஒரு அடையாளம்.

"ஒரு வண்டி டிப்போவுல நிக்குது, ரூட்டு மட்டும் எழுதியிருக்கு. எடுக்காம எப்படி சார் விடுறது?" என்றார் சவரிராஜ்.

எடுத்தார். கையில் பிடிக்கும் விசைகளைப் பழகவே ஒரு மாதம். வழியில் வெள்ளம் நின்ற சுரங்கம் ஒன்று இருந்தது. அதில் மூழ்கினார். விளையாட்டு அந்தப் பெண்ணை மறுபடி பணிமனைக்குக் கொண்டுவந்து நிறுத்தியது. மறுபடி போனார்.

"பதினோரு தடவை அவ செத்ததைப் பார்த்துட்டேன். நெசத்துல ஒரு தடவைதான் பார்த்தேன். பன்னெண்டாவது என்னால முடியல சார். எங்க போய்க்கிட்டிருந்தாள்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

மார்வினைக் கேட்டாராம். அம்மா விளையாடியதே அவனுக்குத் தெரியாது. யூடியூப்பில் பாருங்கப்பா என்றான். பார்த்தார். எல்லாரும் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

கேள்வி நேரத்துக்குக் கட்டாயம் பத்து நிமிடம் ஒதுக்குகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். நான் காப்பாற்ற மாட்டேன் என்பது இருவருக்கும் தெரியும். அதனால்தான் அவர் நன்றியுரைக்கு எத்தனை நிமிடம் என்று கேட்டிருந்தார்.

சனிக்கிழமை மூன்று மணிக் கூட்டம் மூன்று ஐம்பதுக்குத் தொடங்கியது. தலைமையுரை நாற்பத்தெட்டு நிமிடம். உலகத்தின் முதல் பேரழிவு குமரிக்கண்டத்தைக் கடல் கொண்டதே என்றும், ஆகவே பேரழிவுக்குப் பின் அலைந்து திரிந்த முதல் மனிதனும் தமிழனே என்றும், வெளிநாட்டு நிறுவனங்கள் இப்போதுதான் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன என்றும் தலைவர் நிறுவினார். கைதட்டினோம். அழிவில்கூட முந்திக்கொண்டதில் ஒரு நிறைவு இருக்கத்தான் செய்கிறது.

விளையாட்டாளர்களுக்கு ஆளுக்கு இருபது நிமிடம் என்று அச்சிட்டிருந்தோம். ஆறு நிமிடம் கிடைத்தது. வங்கியில் கணினிப் பிரிவில் இருக்கும் அருண்ராஜ், விளையாட்டில் நிழல்கள் விழும் கோணம் தவறு, துப்பாக்கிகளில் சமநிலை போதாது, பத்துக்கு ஏழு என்று சொன்னார். கீழே வேலை பார்ப்பவருக்கு ஆண்டு மதிப்பீடு எழுதுகிற குரல். வழக்கறிஞர் சுஷ்மிதா, இரண்டு முகாம்களில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்று விளையாட்டு வற்புறுத்தியபோதும் தான் இரண்டையும் காப்பாற்றிய விதத்தை விவரித்தார். உலகம் அழிந்த பிறகும் சிலர் நல்ல பெயரோடு இருக்கிறார்கள். மூன்றாவது ரித்திக், பல்கலைக்கழக மாணவன். ஐந்து முடிவுகளையும் பார்த்துவிட்டானாம்.

"முதல் தடவை சுட்டுக்கிட்டே ஓடினேன். அஞ்சாவது தடவ சும்மா நடந்தேன். நடந்தப்பதான் அங்க யார் யாரு இருக்காங்கனே தெரிஞ்சுது" என்றான்.

அப்போது நான் மணி அடித்துவிட்டேன். தலைவர் கைகாட்டியிருந்தார். நிரலில் இல்லாத தொகுப்புரை ஒன்று அவரிடம் இருந்தது, பதினெட்டு நிமிடத்துக்கு.

ஐந்து இருபது. ஐந்தரைக்கு அதே மண்டபத்தில் பரதநாட்டிய வகுப்பு. கதவுக்கு வெளியே சலங்கைகள் பொறுமையிழந்துகொண்டிருந்தன. கேள்வி நேரம் நேரமின்மையால் கைவிடப்படுகிறது என்று தலைவர் அறிவித்தார். நாற்காலிகள் நகர்ந்தன. வடை மேசைப் பக்கம் சபை ஒதுங்கியது. சவரிராஜ் ஒலிவாங்கிக்கு வந்தார்.

"அனைவருக்கும் நன்றி கலந்த வணக்கம்" என்று எப்போதும்போல் தொடங்கினார். தலைவர், பெயர் சொல்லப்படும்போது குவிப்பதற்காகக் கைகளைத் தயாராக வைத்துக்கொண்டார்.

"நன்றி சொல்றதுக்கு முன்னாடி ஒரு கேள்வி" என்றார் சவரிராஜ். "பேசின பிள்ளைங்களுக்கு. அந்த கேம்ல மேற்கால கடைசில, மேப்பு முடியிற இடத்துல, என்ன இருக்கு?"

தட்டுச் சத்தத்தில் பலருக்குக் கேட்கவில்லை.

அருண்ராஜ்தான் முந்திக்கொண்டார். "ஒண்ணுமில்ல அங்கிள். எம்ப்டி ஏரியா. எடுக்கிறதுக்கு ஒரு பொருள்கூட கிடையாது."

"இருக்கு லா" என்றான் ரித்திக், கையில் வடையோடு. "பழைய பம்பு ஹவுஸ் ஒண்ணு இருக்கு அங்கிள். உள்ள ஒரு தாத்தா உட்கார்ந்திருப்பாரு. தண்ணி கேப்பாரு."

"குடுத்தா?"

"வாங்கிக்குவாரு. மறுநாள் போனா மறுபடியும் கேப்பாரு. அதுல ரிவார்டு, பாயிண்ட்டு, ஒண்ணும் வராது. அதான் யாரும் போறதில்ல. ரொம்ப தூரம் வேற நடக்கணும்."

"வாங்கிக்கிட்டு என்ன செய்வாரு?"

"தேங்க்ஸ் சொல்வாரு. குரல் கிடையாது, எழுத்துல வரும். நம்ம ஆளுக்கு என்ன பேரு வெச்சிருக்கோமோ அந்தப் பேரைச் சொல்லி, ரொம்ப நன்றினு. அந்த கேம்ல வேற ஒருத்தரும் பேர் சொல்லி நன்றி சொல்ல மாட்டாங்க அங்கிள், உலகத்தையே காப்பாத்திக் குடுத்தாலும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

சவரிராஜ் தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். இருபத்திரண்டு பெயர்கள்; தட்டச்சு செய்தவன் நான். மேலிருந்து கீழ்வரை படிப்பதுபோல் அவர் கண் இறங்கியது. மறுபடி மேலே போய் மறுபடி இறங்கியது.

"சவரி, நன்றியச் சொல்லி முடிச்சிடுங்க. டான்ஸ் பிள்ளைங்க நிக்குதுங்க" என்றார் தலைவர், கனிவாக.

சவரிராஜ் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். மேடையை விட்டு இறங்கினார்.

மன்ற வரலாற்றில் அப்படி நடந்ததில்லை. குவிந்துவிட்ட தலைவரின் கைகளுக்கு வேலையில்லாமல் போயிற்று; சற்று நேரம் அப்படியே நின்று, பிறகு அவை பொன்னாடையைச் சரிசெய்தன. வடை மேசை முதன்முறையாக மேடையைத் திரும்பிப் பார்த்தது. கதவு திறந்து சலங்கைகள் உள்ளே வந்துவிட்டன.

ரித்திக்கை மாடிப்படியில் பிடித்தார் சவரிராஜ். சுரங்கத்துக்குள் போகவே வேண்டாம், வடக்கே சுற்றி உடைந்த ரயில் தண்டவாளத்தின் மேலேயே நடக்கலாம், தண்ணீர் எட்டாது என்று அவன் சொன்னான். அவர் தாளை எடுத்து அதன் பின்பக்கத்தில் எழுதச் சொன்னார். எத்தனையாவது திருப்பம், இடப்பக்கமா வலப்பக்கமா, அடையாளத்துக்குக் கட்டடம் ஏதாவது உண்டா என்று, புதுத் தடத்துக்கு மாற்றப்பட்ட ஓட்டுநர் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டார். யாருக்காக என்று அவன் கேட்டான். "வீட்டு ஆளு" என்றார்.

திங்கட்கிழமை தலைவர் அவசரச் செயற்குழு கூட்டினார். அச்சிலிருந்த நன்றிகள் அனைத்தும் சொல்லப்பட்டதாகவே கருதப்படும் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. குறிப்பேட்டில் நான்தான் எழுதினேன்: 'நன்றியுரையுடன் கூட்டம் இனிதே நிறைவுற்றது.' சவரிராஜ் வரவில்லை. வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று செய்தி மட்டும் அனுப்பியிருந்தார்.

இரண்டு வாரம் கழித்துத் தேக்கா உணவங்காடியில் பார்த்தேன். தனியாக உட்கார்ந்து பால் கலந்த தே குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்தேன். போய்ச் சேர்ந்தீர்களா என்று கேட்டேன்.

"சேர்ந்துட்டேன். நாலு நாளாச்சு நடந்து போக. நான் மெதுவா போனேன், விழுந்துடுவாளோனு." டம்ளரைச் சுற்றினார். "அந்தப் பையன் சொன்ன மாதிரியே உட்கார்ந்திருக்காரு. தண்ணி கேட்டாரு."

"குடுத்தீங்களா?"

"குடுக்கல."

ஏன் என்று கேட்டேன்.

"குடுத்தா அவ பேரு வரும். அது அவ தினம் நடந்து போய் வாங்கினது சார். நான் எப்படி கைநீட்டி வாங்குறது?" தே ஆறி ஆடை படிந்திருந்தது; விரலால் ஒதுக்கினார். "ஆனா பத்து நாளா போய் நிக்கிறேன். அவரு கேட்டுக்கிட்டே இருக்காரு. முப்பத்தோரு பாட்டிலைப் பையில வெச்சுக்கிட்டு இல்லைன்னு சொல்றேன்."

அது வெறும் படம்தானே என்றேன். சொன்ன பிறகு, சொல்லியிருக்க வேண்டாம் என்று தோன்றியது.

"தெரியும்" என்றார்.

மிச்சமிருந்ததை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். சட்டைப்பையில் அந்தத் தாளின் மடிப்பு தெரிந்தது.

"இன்னைக்கு குடுத்துடலாம்னு இருக்கேன் சார். பாவம், தாகம். பேரு வர்றப்ப நான் இந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

ரயில் நிலையத்தை நோக்கிக் கூட்டத்துக்குள் நடந்து போனார்.