ஏழு டெமோ சட்டைகள்

தெருவில் அவருக்கு 'ஆயிடும்' என்று பெயர். யார் என்ன கேட்டு வந்தாலும், டீ-ஷர்ட்டில் அடித்துத் தர முடியுமா முடியாதா என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் "ஆயிடும்" என்று சொல்லிவிடுவார். வந்தவர் படியிறங்கிப் போன பிறகு உட்கார்ந்து விழி பிதுங்குவார். வீட்டின் முன்னறைதான் கடை. சட்டத்தில் வலைத்துணியை இழுத்துக் கட்டி, நிறத்துக்கு ஒரு சட்டம் வைத்து, மசியை ரப்பர் கட்டையால் வழித்து அச்சடிக்கிற தொழில். இரண்டு நிறம், மூன்று நிறம் என்றால் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. ஓட்டப்பந்தயக்காரர்களுக்கு முந்நூறு சட்டை என்றாலும் அலட்டிக்கொள்ளாமல் முடிப்பார். போட்டோவை அப்படியே அடித்துக் கொடு என்றால் மட்டும் கையை விரிக்க வேண்டும். கையை விரிக்கிற பழக்கம்தான் மனிதருக்குக் கிடையாதே.

பஸ் டிப்போவிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். தங்களோடு இருந்த டிரைவர் ஒருவர் ஓய்வு பெறுகிறார், அவர் ஸ்டியரிங்கைப் பிடித்துச் சிரிக்கிற போட்டோவை நெஞ்சில் அடித்து ஏழு பேரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்றார். ஏழு பேரும் ஏழு அளவு. போட்டோவில் டிரைவரின் பாதி முகம் வெயிலில், பாதி முகம் நிழலில். கைவேலையில் இதை அடிக்க வேண்டுமென்றால் சட்டங்களைக் கட்டி முடிப்பதற்குள் அந்த டிரைவருக்கு எழுபது வயதாகிவிடும். ஆனாலும் "ஆயிடும்" என்றார்.

அந்தத் தைரியத்துக்கு ஒரு காரணம் இருந்தது. துணியில் நேரே படம் அடிக்கும் பிரிண்டர் ஒன்றின் மேல் அவருக்கு எட்டு மாதமாகக் கண். காகிதம் போகிற இடத்தில் சட்டையை வைத்தால், போட்டோ அப்படியே சட்டையில் வந்து உட்காரும். வாங்கலாமா வேண்டாமா என்பதில் பணத்தைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. அந்த மிஷினுக்குத் தூசி படாத, மூடிய அறை வேண்டும். முன்னறை முழுக்கப் பஞ்சும் மசியும். மிச்சமிருப்பது பின்னறை ஒன்றுதான். அதில் அவருடைய அப்பா படுத்துக்கொள்கிறார்.

அவர் மனைவி இதைப் பட்டென்று சொல்லிவிட்டிருந்தாள்.

"மிஷின் வாங்குறதும் வாங்காததும் உங்க இஷ்டம். ஆனா அந்த ரூமைக் கேக்கணும்னா மாமாகிட்ட நீங்களே உங்க வாயால கேளுங்க. நான் கேக்க மாட்டேன்."

அதற்கும் "ஆயிடும்" என்றார். எட்டு மாதமாக நாளைக்குக் கேட்கிறேன், நாளைக்குக் கேட்கிறேன் என்று மென்று முழுங்கிக்கொண்டிருந்தார். அப்பாவோ எதுவும் தெரியாமல் தினமும் முன்னறையில் உட்கார்ந்து, அடித்து முடித்த சட்டைகளை மடிப்புக் கலையாமல் மடித்துக் கவரில் போட்டுக்கொண்டிருந்தார்.

பிரிண்டர் விற்கிற ஷோரூமுக்கு முதல் நாள் போனபோது அவர் மனதில் கள்ளம் இருந்தது என்று சொல்ல முடியாது. மிஷினைப் பார்க்கலாம், அப்படியே ஒரு சட்டையில் டிரைவரையும் அடித்துப் பார்க்கலாம் என்றுதான் போனார். மிஷினை ஓட்டிக் காட்டுகிற பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். சட்டையைத் தட்டில் விரித்து, மசி ஒட்டுவதற்கான மருந்து தெளித்து, சூடாக அழுத்திக் காயவைத்து, உள்ளே அனுப்பினாள். முதலில் வெள்ளை மசி விழுந்தது, அதன் மேல் நிறங்கள் விழுந்தன. டிரைவர் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். ஆயிடும் அண்ணனுக்கு உள்ளுக்குள் ஆட்டமே போடலாம் போல இருந்தது.

"யாரு சார் இது?" என்று கேட்டாள் அவள்.

அவள் தலைக்கு மேலே சுவரில் ஒரு போர்டு தொங்கியது. வெளி ஆர்டர்கள் இங்கே அடித்துத் தரப்படாது, வாங்க விரும்புவோருக்கு மாதிரி மட்டும் என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதைப் படித்துக்கொண்டே "எங்கப்பா" என்றார்.

"இருக்காரா சார்?"

இருக்கிறார் என்றால் ஒருநாள் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்பாளோ என்று ஒரு கணம் தோன்றியது. அந்த ஒரு கணத்தில் வாய் முந்திக்கொண்டது.

"இல்ல. போன வருஷம் போயிட்டார்."

அவள் படத்தைத் திரும்பவும் திரையில் எடுத்தாள். நிழல் விழுந்த பாதி முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சமாக்கினாள். கண்ணோரச் சுருக்கம் அழியாமல் பார்த்துக்கொண்டாள். அப்பா முகம் சார், இருட்டாக வரக் கூடாது, இன்னொரு சட்டை கொண்டு வாருங்கள், இதைவிட நன்றாக அடித்துத் தருகிறேன் என்றாள். அவளே கூப்பிட்டதுதான் வினையாகிவிட்டது. இரண்டாவது சட்டையோடு போனார். மூன்றாவது, பெரிய அளவில் படம் எப்படி உட்காருகிறது என்று பார்க்க. நான்காவது, துவைத்துப் பார்க்க. ஐந்தாவது, கறுப்புத் துணியில் பார்க்க. ஆறாவது, வீட்டில் காட்ட. ஏழாவதுக்குக் காரணம் தீர்ந்துபோய், "எதுக்கும் ஒரு தடவை" என்று இழுத்தார். அதையும் நம்பினாள். ஒவ்வொரு மாதிரிக்கும் ஒரு நோட்டில் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஏழு தடவையும் அவள்தான் போட்டாள். இவ்வளவு நிதானமாகப் பார்த்து வாங்குகிறவர்கள் குறைவு சார் என்று வேறு சொன்னாள். அதைக் கேட்டபோது அவருக்கு உடம்பு கூசியது. கூசிய உடம்போடு சட்டையை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது, மிஷின் வைக்கிற அறையைக் கம்பெனி சார்பில் வந்து அளக்க வேண்டும் என்றாள். அறை இருக்கிறதா என்று கேட்டாள். அப்பா போனதிலிருந்து பின்னறை காலிதான் என்றார். ஒரு பொய்யைச் சொன்ன வாய்க்கு அடுத்ததைச் சொல்ல என்ன கஷ்டம்? வெள்ளிக்கிழமை காலையில் வரச் சொன்னார். வெள்ளிக்கிழமை அப்பா கண்ணாஸ்பத்திரிக்குப் போகிற நாள்.

அவள் வியாழக்கிழமையே வந்துவிட்டாள். பக்கத்துத் தெருவில் வேறொரு மிஷினைப் பார்க்க வந்தவள், ஒரு நடையை மிச்சம் பிடிக்கலாம் என்று நுழைந்திருக்கிறாள். ஆயிடும் அண்ணன் முன்னறை மூலையில் சட்டம் கழுவிக்கொண்டிருந்தார். முழங்கைவரை நீல மசி. தலையைத் தூக்கியவருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

மனைவி அவளைப் பார்த்து மலர்ந்துபோனாள். காசு கொடுத்துத்தான் இவர் ஏழு சட்டையையும் அங்கே அடித்தார் என்று நினைத்துக்கொண்டிருந்தவள் அவள்.

"நீங்கதானா அது? டிரைவர் மூஞ்சி உயிரோட இருக்கிற மாதிரியே அடிச்சிருக்கீங்க. டிப்போக்காரங்க சாயங்காலம் வந்து வாங்கிக்கிறாங்க."

"டிரைவரா?" என்றாள் ஷோரூம் பெண்.

அவள் பார்வை தரைக்குப் போனது. அங்கே பழைய பனியனோடு ஒரு பெரியவர் உட்கார்ந்து, ஏழாவது சட்டையைக் கவரில் போட்டுக்கொண்டிருந்தார். டிரைவரின் முகம் கவருக்குள் இருந்து சிரித்தது. மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டே, இவர்தான் என் மாமனார், என் வீட்டுக்காரருடைய அப்பா என்றாள்.

"அப்பா... இருக்காரா?"

அந்தப் பெண் வேண்டுமென்றே கேட்கவில்லை. வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மசிக் கையோடு குனிந்து நிற்கிற மகனைப் பார்த்தார். அவருக்கு விளக்கிச் சொல்ல ஒன்றும் தேவைப்படவில்லை.

"இருக்கேம்மா. பாத்தா தெரியலையா?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சட்டம் கழுவிய மசி வாளிக்குள் முழுதாக இறங்கிவிட முடிந்தால் தேவலை என்று இருந்தது ஆயிடும் அண்ணனுக்கு. மனைவியின் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது. ஷோரூம் பெண்ணின் கையில் அளவு டேப். அதைப் பையில் திருப்பிப் போடுவதா வைத்துக்கொள்வதா என்று தெரியாமல் நின்றாள்.

பெரியவர் டேப்பைப் பார்த்தார். என்ன அளக்க வந்தாய் அம்மா என்று கேட்டார். மகன் தலையைத் தூக்காததால் மனைவிதான் சொல்ல வேண்டியதாயிற்று. பின்னறை மாமா, மிஷின் வைக்க என்றாள். பெரியவர் முழங்காலில் கையூன்றி எழுந்து உள்ளே போனார். படுக்கையைச் சுருட்டிச் சுவரோரம் சாய்த்தார். மாத்திரை டப்பாவையும் கண்ணாடிக் கூட்டையும் எடுத்து ஜன்னலில் வைத்தார். பிறகு, "தனியா எப்படிம்மா அளப்ப? குடு, அந்த முனையை நான் பிடிச்சுக்கறேன்" என்றார்.

அவள் கொடுத்தாள். வேறென்ன செய்ய முடியும்? பெரியவர் டேப்பின் முனையை இரண்டு கையாலும் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். வாசற்படியில் நின்ற மகன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையின் அளவு அவருக்குத் தெரியும். போன மாதமே, அப்பா ஆஸ்பத்திரி போயிருந்த நேரத்தில், திருடனைப் போல அளந்து பார்த்தாயிற்று. மிஷின் போக ஒரு சாண் மிச்சம்.

"பத்துமாம்மா?" என்றார் பெரியவர்.

அவள் டேப்பைத் தேவைக்கு அதிகமாகவே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பத்தாதுப்பா."

"பத்துமேம்மா. அந்தப் பெட்டியை வெளிய எடுத்துட்டா நல்லாவே பத்தும்."

"கதவு சின்னதுப்பா" என்று சொல்லி டேப்பைச் சுருட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.

ஆயிடும் அண்ணன் கையைக்கூடத் துடைக்காமல் தெருவுக்கு ஓடினார். மிஷினை எடுத்துக்கொள்கிறேன் மேடம், இன்றைக்கே பில் போடுங்கள் என்றார். மிஷினை எங்கே வைப்பது, அப்பாவை எங்கே வைப்பது என்பதெல்லாம் அந்த நேரத்தில் நினைவில்லை. அவள் கோபப்படவில்லை. போட்டோ அடிக்கச் சொல்லி மாதத்துக்கு எத்தனை ஆர்டர் வரும் என்று மட்டும் கேட்டாள். ஆயிடும் என்று சொல்ல முடியாத கேள்வி அது.

"ஒண்ணு வரும். சில மாசம் அதுவும் வராது."

"தினமும் ஓடலைன்னா வெள்ளை மசி அடைச்சுக்கும் சார். மிஷின் வீணாப் போயிடும். உங்களுக்கு இது வேண்டாம். என் மூஞ்சியைப் பாத்து வாங்க வேண்டாம்."

அவள் அறை அளவு எழுதுகிற படிவத்தை எடுத்து, இடம் போதாது என்று எழுதினாள். அவர் அப்படி எழுதாதீர்கள் என்றார். வாங்குகிற மாதிரி வந்து, ஏழு சட்டையை ஏமாற்றி அடித்துக்கொண்டு போனேன் என்று எழுதுங்கள் என்றார். அவள் படிவத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அதை எழுத இதில் இடம் இல்லை சார் என்றாள்.

"அப்ப நாளைக்கு நானே வந்து உங்க மேனேஜர்கிட்ட சொல்றேன். ஏழு சட்டைக்கும் காசு கட்டிடறேன்."

"வாங்க. சட்டையைப் பத்திச் சொல்லுங்க. அப்பாவைப் பத்தி மட்டும் சொல்லிடாதீங்க சார். அங்க எல்லார்கிட்டயும் சொல்லி வருத்தப்பட்டிருக்கேன்."

அவள் தெருமுனை திரும்பும்வரை அவர் அங்கேயே நின்றார். திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டு வந்திருப்பார். இதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

உள்ளே வந்தபோது மனைவி அவரைப் பார்க்காமல் பின்கட்டுக்குப் போய்விட்டாள். பின்னறையில் சுருட்டிய படுக்கை சுவரில் சாய்ந்தபடியே இருந்தது. அப்பா பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். மகன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, படுக்கையைப் பழைய இடத்தில் விரித்தார். ஜன்னலில் இருந்த மாத்திரை டப்பாவைத் தலைமாட்டில் கொண்டுவந்து வைத்தார். மிஷின் வாங்கவில்லை என்று சொன்னார். அப்பா விரித்த படுக்கையின் ஓரச் சுருக்கத்தைக் கையால் நீவி விட்டார், சட்டையை மடிக்கும்போது செய்வாரே, அதே மாதிரி.

"இனிமே யாராவது அளக்க வர்றதா இருந்தா முன்னாடியே சொல்லுப்பா" என்றார். "சட்டையாவது போட்டுக்கிட்டு இருப்பேன்."